புதுப்பிப்பு: தெருவில் தேங்கும் மழைநீரும் மாணவர்களின் வரைபடமும்

எங்கள் தெருவில் மழைநீர் தேங்காமல் இருக்கப் பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து திட்டம் போடுகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன், என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது. மாணவர்கள் தங்கள் வரைபடத்தில் மழைத்தோட்டத்தை (மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும், செடி நட்ட பள்ளம்) தெருமுனையில் வரைந்திருந்தார்கள். தண்ணீர் முதலில் நிற்பது நடுவில்தான் என்று ஒரு பாட்டி சாக்பீஸால் தரையில் கோடு போட்டே காட்டிவிட்டார். டியூப் லெவல் (மேடு பள்ளம் பார்க்க உதவும், நீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதே சரி!

அப்புறம், 100 சதுர மீட்டர் மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் என்று கணக்குச் சொன்ன பிறகுதான் மாடிக்குழாயைத் தோட்டத்துக்குத் திருப்பப் பலர் சம்மதித்தார்கள். கொசு பயம் நியாயமானது. நீர் ஓரிரு நாளில் வடிந்தாக வேண்டும், அதனால் குழி தோண்டி நீர் ஊற்றிச் சோதித்தோம், களிமண் பக்கம் படுமோசம், அந்த இடத்தைக் கைவிட்டாச்சு. மாணவர்கள் படிப்பு முடிந்து போன பிறகு யார் தூர்வாருவது என்பதுதான் இன்னும் இழுபறி.