சர்ஜரி ரெசிடென்சில ரிசர்ச் எங்க இருந்து கத்துக்க ஆரம்பிக்கறது?

நைட்டூட்டி_நாகு:
ஜெனரல் சர்ஜரி ரெண்டாவது வருஷம். தீசிஸ் டாபிக் கொடுக்கணும், கூடவே ஒரு பேப்பரும் போடணும்னு டிபார்ட்மென்ட்ல சொல்லிட்டாங்க. ரெண்டு நாள் வொர்க்‌ஷாப் போனேன், பி வேல்யூ, டி டெஸ்ட், கை ஸ்கொயர்னு ஸ்லைடா ஓடுச்சு, ட்யூட்டிக்கு திரும்பினதும் ஒண்ணுமே நிக்கல. எமர்ஜென்சி லேபராடமி (அவசரமா வயித்த திறந்து பண்ற ஆபரேஷன்) பண்ணவங்களுக்கு வூண்ட் இன்ஃபெக்‌ஷன் எவ்ளோ வருது, டிரெயின் (உள்ள தேங்கறத வெளிய எடுக்கற குழாய்) வெச்சா வித்தியாசம் இருக்கானு ரெக்கார்ட் ரூம்ல இருந்து பழைய கேஸ் ஷீட் எடுத்து பாக்கலாம்னு ஒரு ஐடியா. முதல்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் கோர்ஸ் பண்ணணுமா, இல்ல எஸ்பிஎஸ்எஸ்னு ஸ்டாடிஸ்டிக்ஸ் போடற சாஃப்ட்வேர் கத்துக்கணுமா? சீனியர்ஸ் என்ன பண்ணீங்க?

கத்தி_பிடிச்சவன்:
தம்பி, சாஃப்ட்வேர் கடைசில கத்துக்கலாம், அது ஒரு வாரத்து வேலை. மொதல்ல ரெக்கார்ட் ரூம் போயி ஒரு இருபது கேஸ் ஷீட்ட எடுத்து வெச்சு, நீ கேக்கற கேள்விக்கு அதுல பதில் இருக்கானு பாரு. ஒருத்தர் "வூண்ட் ஹெல்தி"னு எழுதியிருப்பார், அதே வரிய அடுத்த நாலு நாளும் வேற வேற கையெழுத்துல காப்பி அடிச்சிருப்பாங்க, அஞ்சாவது நாள் திடீர்னு "சோக்கேஜ் ப்ளஸ்"னு (டிரெஸ்ஸிங் நனைஞ்சிருக்குனு) இருக்கும், ஸ்டிச் எடுத்தாங்களா, சீழ் வந்துச்சா, கல்ச்சர் அனுப்பினாங்களா எதுவும் இருக்காது. இத இன்ஃபெக்‌ஷன்னு எண்ணுவியா மாட்டியா? நீ ஒண்ணு சொல்லுவ, உன் கோ-ரெசிடென்ட் வேற சொல்லுவான்.

அதவிட பெரிய ஓட்டை இருக்கு. வயிறு ஆபரேஷனுக்கு சர்ஜிக்கல் சைட் இன்ஃபெக்‌ஷன ஆபரேஷன்ல இருந்து 30 நாள் வரைக்கும் எண்ணணும். பேஷன்ட் எட்டாவது நாள் வீட்டுக்கு போயிடுவார், பன்னெண்டாவது நாள் ஓபில வந்து டிரெஸ்ஸிங் ரூம்ல ஸ்டிச் பிரிச்சு விட்டுட்டு போவார், அது இன்பேஷன்ட் ஃபைலுக்குள்ள வரவே வராது. பழைய ஷீட்ட நம்பினா உங்க இன்ஃபெக்‌ஷன் ரேட் ரொம்ப அழகா வரும், அவ்ளோதான்.

இன்னொண்ணு, டிரெயின யாருக்கு வெக்கறோம்? வயிறு முழுக்க சீழ் இருக்கறவங்களுக்கும் சர்ஜனுக்கு மனசு கேக்காதவங்களுக்கும்தான். அப்புறம் டிரெயின் வெச்சவங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் அதிகம்னு ரிசல்ட் வந்தா அது டிரெயின் மேல தப்பா? இந்த ஒரு விஷயம் புரிஞ்சாலே வொர்க்‌ஷாப்ல சொல்லித்தராத பாதி வந்துடும்.

புள்ளிக்கணக்கு:
நான் சர்ஜன் இல்ல, பயோஸ்டாட்ஸ், அதாவது மருத்துவ ஆராய்ச்சிக்கு புள்ளிவிவரக் கணக்கு பாக்கறவ. டேட்டாவ எல்லாம் எக்செல்ல போட்டு முடிச்சுட்டு, சப்மிட் பண்ண ஒரு வாரம் இருக்கறப்ப "மேடம், கொஞ்சம் பி வேல்யூ போட்டுத் தாங்க"னு வர்றாங்க பாருங்க, அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ப்ரோட்டோகால் எழுதறப்பவே வாங்க.

நாகு, உங்க கேள்விக்கே கணக்கு போடறேன். இன்ஃபெக்‌ஷன் 20 சதவீதம் இருக்குனு வெச்சுப்போம், அத 10 ஆக்கற ஒரு விஷயத்த கண்டுபிடிக்கணும்னா, 80 சதவீத பவர்ல (அந்த வித்தியாசம் நிஜமாவே இருந்தா அத பிடிக்க 80 சதவீத வாய்ப்பு) ஒரு குரூப்புக்கு கிட்டத்தட்ட 200 பேர் வேணும், மொத்தம் 400. பாதியா குறையறதே பெரிய விஷயம், அதுக்கே இவ்ளோ. தீசிஸ்ல 30 - 30னு பிரிச்சு "வித்தியாசம் இல்ல"னு முடிப்பாங்க. வித்தியாசம் இல்லனு அதுல தெரியல, பாக்கற அளவுக்கு ஆள் இல்லனுதான் தெரியுது.

அதே மாதிரி "30 கேஸ் பண்ணோம், குடல் தையல்ல ஒரு லீக்கும் இல்ல, சேஃப்"னு எழுதாதீங்க. பூஜ்யம் வந்தா 3ஐ கேஸ் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க, 30 கேஸுக்கு உண்மையான லீக் ரேட் 10 சதவீதம் வரைக்கும்கூட இருக்கலாம்.

ரெட்ராக்டர்_ராஜ்ஜியம்:
400 பேருக்கு ஒரு டிபார்ட்மென்ட்ல எங்க போறதுனு கேப்பீங்க. அதுக்குத்தான் ரெசிடென்ட்ஸ் சேந்து பல ஆஸ்பத்திரில நடத்தற மல்டிசென்டர் ஸ்டடி. பிரிட்டன்ல ட்ரெய்னீஸே முன்ன நின்னு நடத்தின ரொஸினி ட்ரையல் 2013ல பிஎம்ஜே ஜர்னல்ல வந்துச்சு, 21 ஆஸ்பத்திரி, 760 பேஷன்ட், லேபராடமி வூண்ட் ஓரத்துக்கு போடற பிளாஸ்டிக் ப்ரொடெக்டர் இன்ஃபெக்‌ஷன குறைக்குதானு பாத்தாங்க. குறைக்கல, ரெண்டு பக்கமும் சுமார் 25 சதவீதம். ரிசல்ட் "இல்ல"னு வந்தாலும் ஒழுங்கா கேட்ட கேள்விக்கு மதிப்பு இருக்குங்கறதுக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் இது. ஒரு சென்டர்ல டேட்டா சேத்துக் கொடுக்கற ஆளா சேந்தாக்கூட ஃபார்ம், டெஃபினிஷன், எத்திக்ஸ் பேப்பர் எல்லாம் கையால பண்ணி கத்துக்கலாம். பேப்பர்ல உங்க பேர் எப்படி வரும்னு மட்டும் ஆரம்பத்துலயே எழுதி வாங்கிக்கோங்க, பின்னாடி சண்டை வேணாம்.

ஓடி_லிஸ்ட்:
எல்லாரும் பெருசு பெருசா சொல்றீங்க, இவருக்கு நேரம் எங்க இருக்கு? வாரத்துல அரை நாள் ஃபோன வேற ஒருத்தர் கைல கொடுத்துட்டு உக்கார விடலனா எந்த கரிக்குலமும் வேலைக்கு ஆகாது. அந்த அரை நாள மொதல்ல உங்க கைடுகிட்ட கேட்டு வாங்குங்க. கேஸ் ரிப்போர்ட்ட கேவலமா பாக்கறதும் எனக்கு ஒப்பல, சர்ஜிக்கல் கேஸ் ரிப்போர்ட்டுக்குனே 2016ல வந்த ஸ்கேர் செக்லிஸ்ட் இருக்கு, அத வெச்சு ஒண்ணு எழுதினா கன்சென்ட் வாங்கறது, ரிவ்யூவருக்கு பதில் எழுதறது எல்லாம் பழகும். தீசிஸுக்கு பதிலா அது ஆகாது, சரி.

நைட்டூட்டி_நாகு:
எல்லாருக்கும் நன்றி. டிரெயின் கேள்விய விட்டுட்டேன். இன்னிக்கு ஆரம்பிச்சு வர்ற எமர்ஜென்சி லேபராடமி எல்லாருக்கும் 30 நாள்ல எத்தன பேருக்கு இன்ஃபெக்‌ஷன்னு மட்டும் எண்ணலாம்னு இருக்கேன், கைடு ஓகே சொல்லிட்டார். கிளேவியன் டிண்டோ கிரேடும் (ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற சிக்கல் எவ்ளோ தீவிரம்னு சொல்ற கிரேடு) போடணுமா?

கத்தி_பிடிச்சவன்:
போடு, ஆனா அத மட்டும் நம்பாத. அது சிகிச்சைக்கு என்ன பண்ண வேண்டி வந்துச்சுங்கறத வெச்சு போடற கிரேடு, பெட் பக்கத்துலயே பிரிச்சு விட்ட வூண்ட் இருக்கறதுலயே கம்மியான கிரேடு ஒண்ணுலயே நின்னுடும். இன்ஃபெக்‌ஷன ஃபார்ம்ல தனி கட்டமா வை. மொத இருபது வூண்ட நீயும் இன்னொருத்தரும் தனித்தனியா பாத்து எழுதி ஒத்துப்போகுதானு பாரு. எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவல் வர்ற வரைக்கும் ஒரு பேர்கூட ஃபார்ம்ல ஏறக்கூடாது, "இன்னிக்கு ஆரம்பிச்சு"ங்கறத மாத்திக்கோ. அட்மிஷன்லயே ரெண்டு ஃபோன் நம்பர் வாங்கிடு, ஒண்ணு பேஷன்டோடது, ஒண்ணு கூட இருக்கறவங்களோடது, 30ஆம் நாள் பாதி பேர் மொத நம்பர எடுக்க மாட்டாங்க.