அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாமல் பித்தப்பை ஆபரேஷன், யாராவது வழி சொல்லுங்கள்

புதுவரவு: எல்லாருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, விடியும்வரை விடவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டுப் பித்தப்பையில் கல், சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். இன்சூரன்ஸ் கிடையாது. எவ்வளவு ஆகும் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் இந்த எண், அந்த எண் என்று தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் ஒரு அம்மா சொன்ன தொகையைக் கேட்டதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாரும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஹூஸ்டன்வாசி: ஊரிலிருந்து வந்த அம்மாவுக்குத்தானே? இனிமேல் விசிட்டர் இன்சூரன்ஸ் வாங்கிப் பயனில்லை. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குத் தரமாட்டார்கள், ஸ்கேன் தேதியே காட்டிக்கொடுத்துவிடும். என் மாமியார் வந்திருந்தபோது அந்தக் கம்பெனிக்கு ஃபாக்ஸ் அனுப்பி அனுப்பியே ஓய்ந்துபோனோம். இந்தக் காலத்தில் ஃபாக்ஸ்!

மதுரைக்காரன்: பேசாமல் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்புங்கள். சின்னத் துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பிதானே, சொந்தக்காரர்கள் கஞ்சி வைத்துக்கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். நான் வந்த புதிதில் பல்வலிக்கு டாக்டரிடம் போகப் பயந்து ஒரு பனிக்காலம் முழுக்கக் கிராம்பைக் கடித்தே ஓட்டினேன். இப்போது வருகிறவர்களுக்குக் கேட்கவாவது இடம் இருக்கிறது.

நைட் ஷிப்ட் நர்ஸ்: இவ்வளவு வலியோடு இருபது மணி நேரம் பறக்கச் சொல்கிறீர்களே அண்ணா, நடுவானில் கல் அடைத்துக்கொண்டால்? ஊருக்கு அனுப்புவதாக இருந்தாலும் முதலில் டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொல்லட்டும். காய்ச்சல், கண் மஞ்சள், நிற்காத வாந்தி, விடாத வலி, இதில் எது வந்தாலும் விலை விசாரிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். எம்டாலா என்று 1986லேயே சட்டம் வந்துவிட்டது. காசு இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும். பில் வரும், அது வேறு கதை.

டொரன்டோ அக்கா: இதற்குத்தான் கனடாவுக்கு வாருங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். எங்கள் ஆன்டாரியோ மாகாணத்தில் புதிதாக வருபவர்களுக்கு அரசு இன்சூரன்ஸ் கிடைக்க இருந்த மூன்று மாதக் காத்திருப்பைக்கூட 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள்.

லண்டன் குமார்: எடுத்துவிட்டார்கள், சரி, ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க எத்தனை மாதம் என்பதையும் சொல்லுங்கள் அக்கா. இங்கே விசாவோடு சேர்த்து அரசு வைத்தியத்துக்கென்று பெரியவர்களுக்குத் தலைக்கு வருஷம் 1,035 பவுண்டு கட்டிவிட்டுத்தான் வருகிறோம். அப்புறம் காலை எட்டு மணிக்கு ஜிபி, அதாவது ஏரியா டாக்டர், லைனுக்காகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு பல் தேய்க்கிறோம்.

ஹூஸ்டன்வாசி: எந்த ஊருக்குப் போனாலும் நமக்குக் கியூதான்.

டாலஸ் பில்லிங் அக்கா: கனடா, லண்டன் பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி பில்லிங்கில்தான் எனக்கு வேலை. தம்பி, யாருக்கு ஆபரேஷன், எந்த ஸ்டேட், என்றைக்கு அமெரிக்கா வந்தார்கள்? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

புதுவரவு: மனைவிக்குத்தான் அக்கா. எச்4 விசா, வேலை விசாக்காரரின் மனைவிக்குத் தருவது. டெக்சாஸ், இர்விங். போன மாதம்தான் வந்தாள். எனக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் அவளை வருஷக் கடைசியில்தான் சேர்க்க முடியும் என்று ஆபீஸில் பக்கத்து சீட்காரர் சொன்னார்.

டாலஸ் பில்லிங் அக்கா: பக்கத்து சீட்காரர் எச்ஆர் இல்லையே தம்பி. வெளிநாட்டிலிருந்து குடும்பம் வந்து சேர்ந்தால் பல கம்பெனிகளில் 30 நாளுக்குள் சேர்த்துவிடலாம். இன்றைக்கே மெயில் போடுங்கள், வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். ஊரில் அவள் வேலையை விட்டு அங்கிருந்த இன்சூரன்ஸ் போயிருந்தால் அதையும் எழுதுங்கள், எடுபடலாம். அது நடக்கவில்லையென்றால் ஹெல்த்கேர் டாட் கவ், சொந்தமாக இன்சூரன்ஸ் வாங்குவதற்கான அரசு வெப்சைட். வெளிநாட்டிலிருந்து குடிவந்தவர்களுக்கு வந்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. கல் இருக்கிறது என்பதற்காக மறுக்க முடியாது. இந்த மாதம் எடுத்தால் அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும். டாக்டர் அதுவரை பொறுக்கலாம் என்றால் ஆபரேஷனை அதற்குப் பிறகு வையுங்கள்.

மதுரைக்காரன்: அதற்குள் அடைத்துக்கொண்டால்? மெடிக்கல் கிரெடிட் கார்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வட்டியில்லை என்கிறார்கள்.

டாலஸ் பில்லிங் அக்கா: குறித்த காலத்துக்குள் கட்டி முடிக்காவிட்டால் முதல் நாளிலிருந்து கணக்குப்போட்டு வட்டியைத் தலையில் கட்டுவார்கள் அண்ணா. வேண்டாம். அடைத்துக்கொண்டால் எமர்ஜென்சி, நர்ஸ் தங்கச்சி சொன்னதுதான் சரி. அப்புறம் வருகிற பில்லைக் கட்ட அவசரப்படாதீர்கள். லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரி என்றால் நிதியுதவி விண்ணப்பம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள்வரை கொடுக்கலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், சம்பளம் நிறைய என்றால் கிடைக்காது. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், லேப் தனித்தனியாக பில் அனுப்பினால் அந்த உதவி அவர்களுக்கும் செல்லுமா என்று கேளுங்கள். ஐட்டம் வாரியாக பில் கேட்டு ஒவ்வொரு வரியையும் பாருங்கள்.

கையிலிருந்து கட்டித்தான் செய்யவேண்டும் என்றால் லேப்ராஸ்கோப்பி பித்தப்பைக்கு 47562 என்று ஒரு பில்லிங் கோட் நம்பர், போனில் அதைச் சொல்லி ரொக்க விலை கேளுங்கள். சர்ஜரி சென்டர்களிலும் கேளுங்கள், ஓக்லஹோமா சிட்டியில் மொத்த விலையையும் வெப்சைட்டிலேயே போட்டிருக்கும் இடம்கூட உண்டு. 2022 முதல் இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். ஒரு டாக்டரோ ஆஸ்பத்திரியோ அனுப்பும் பில் அவர்கள் கொடுத்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், 120 நாளுக்குள் எதிர்த்துக் கேட்கலாம்.

புதுவரவு: எச்ஆருக்கு மெயில் போட்டாச்சு அக்கா. அதுவரை சாப்பாடு?

டொரன்டோ அக்கா: பூண்டு ரசம் வைத்துக் கொடுங்கள்.

நைட் ஷிப்ட் நர்ஸ்: ரசம் ஓகே, நெய் வேண்டாம், பொரித்தது எதுவும் வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம்.

டாலஸ் பில்லிங் அக்கா: அவளுடைய ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு), பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம், இர்விங் வீட்டு லீஸ், மூன்றையும் ஸ்கேன் பண்ணி வையுங்கள். என்றைக்கு வந்தாள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். எச்ஆர் என்ன பதில் போட்டார்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.