எல்லா மதப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்: "நாம்" என்று சொல்லலாமா?

சுண்ணக்கட்டி எழுதியது:
பதினொரு வருடமாக ஒரே மதத்துப் பிள்ளைகளுக்கு அந்த மதத்தையே சொல்லிக்கொடுத்து வந்தவள் நான். இந்த வருடம் பாடத்திட்டம் மாறிவிட்டது. எல்லா மதத்துப் பிள்ளைகளும், மதமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து எல்லா மதங்களைப் பற்றியும் படிக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்த பயிற்சி இரண்டே நாள், அதிலும் பாதி நேரம் படிவம் நிரப்புவதில் போனது. சரி, அதை விடுங்கள்.

முதல் வாரம் பழக்கதோஷத்தில் "நாம் காலையில் எழுந்ததும் கடவுளை வணங்குகிறோம்" என்று ஆரம்பித்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி, எழுதிக்கொண்டிருந்தவள், பேனாவை மூடிவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் "நாங்கள்" என்று மாற்றிப் பார்த்தேன், அது இன்னும் மோசம், பாதி வகுப்பை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவது போல எனக்கே கேட்டது. போதாததற்கு ஒரு பையன் "டீச்சர், இதையெல்லாம் நீங்க நம்புறீங்களா?" என்று கேட்டான். "அது பாடத்தில் இல்லை" என்று சொல்லித் தப்பித்தேன், அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. இப்படி வகுப்பு எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:
அம்மா, நீங்கள் பிடித்த இடம் சரியான இடம். நான் "நாம்", "நாங்கள்" இரண்டையுமே விட்டுவிட்டேன். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் பெயரைச் சொல்லியே வாக்கியத்தைத் தொடங்குவேன்: "சைவர்கள்", "பௌத்தர்கள்", "கிறிஸ்தவர்களில் பலர்". இந்தப் "பலர்" ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஒரே மதத்துக்குள் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு.

இன்னொன்றும் கவனியுங்கள், மரியாதை விகுதி. ஒருநாள் "அல்லாஹ் அவர்களுக்கு அருள்கிறார்" என்று சொன்னேன், மரியாதையாகப் பேசுகிறோம் என்ற நினைப்பில். ஒரு மாணவன் எழுந்து, "சார், அல்லாஹ்வை நாங்க அவன்னுதான் சொல்லுவோம், அருள்கிறான்னு சொல்லணும், நபிகளுக்குத்தான் அவர்கள்னு வரும்" என்றான். இறைவன் ஒருவன் என்பதை அந்த ஒருமை விகுதியிலேயே வைத்திருக்கிறார்கள். சிவனையும் "அவன்" என்று பாடுகிறோம், ஆனால் அங்கே அது உரிமை. இயேசுவை "அவர்" என்பார்கள். அதே கிறிஸ்தவத்துக்குள் ஒரு சாரார் விவிலியம் என்பார்கள், ஒரு சாரார் வேதாகமம் என்பார்கள். அந்தப் பையனிடம் கற்றது எனக்கு எந்தப் பயிற்சியிலும் கிடைக்கவில்லை. ஆனால் அவனாக எழுந்து சொன்னான், நானாக ஒரு பிள்ளையை எழுப்பி "உங்கள் மதத்தில் எப்படி, நீ சொல்லு" என்று ஒருநாளும் கேட்டதில்லை, பத்து வயதுப் பிள்ளை தலையில் ஒரு மதத்தையே தூக்கி வைக்கக் கூடாது.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:
பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வெளியே நின்று "அவர்கள் நம்புகிறார்கள், இவர்கள் நம்புகிறார்கள்" என்று அடுக்கிக்கொண்டே போனால் எந்த மதமும் பிள்ளைக்கு ஒட்டாது. என் மகள் நோன்புக்கும் விரதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணை போட்டு எழுதியிருக்கிறாள், பசித்திருப்பது எதற்கு என்று கேட்டால் தெரியவில்லை. இதற்குப் பழைய முறையே மேல் என்று தோன்றுகிறது.

இடைவேளை மணி எழுதியது:
அக்கா சொல்லும் குறை உண்மைதான். இங்கிலாந்தில் 1960களின் கடைசியிலிருந்து நினியன் ஸ்மார்ட் என்ற மத ஆய்வுப் பேராசிரியர் சொல்லிவந்தது இதைத்தான்: உன் தீர்ப்பைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வை, நம்புகிறவர் கண்ணால் பார், சடங்கு, கதை, அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார். அட்டவணை போடச் சொன்னவர் இல்லை அவர். பாடநூலாக வரும்போது அட்டவணை ஆகிவிடுகிறது, அதைத்தான் திருத்த வேண்டும்.

ஆனால் பழைய முறையே மேல் என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நார்வே 1997இல் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாடத்தைக் கொண்டுவந்தது, ஆனால் உள்ளே கிறிஸ்தவத்துக்குத் தனி இடம். முழு விலக்கு கிடையாது, சில பகுதிகளுக்கு வேண்டுமானால் பெற்றோர் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லப் போனால் வீட்டு நம்பிக்கையைப் பள்ளியில் அவிழ்த்து வைக்க வேண்டும். 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 17 நீதிபதிகளில் 9 பேர் பெரும்பான்மையில், வழக்குப் போட்ட பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, மறு வருடமே பாடம் பெயரோடு மாறியது. பொதுப் பாடம் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே "நாம்" என்று பேசினால் இப்படித்தான் ஆகும்.

"நம்புறீங்களா" என்று கேட்ட அந்தப் பையனுக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள் டீச்சர். மழுப்பினால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகாது.

சுண்ணக்கட்டி எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. நேற்று அவனிடம் சொன்னேன்: "நான் நம்புகிறேன். நீ நம்ப வேண்டும் என்று இந்த வகுப்பில் கேட்க மாட்டேன்." தலையாட்டினான். அப்புறம் கேட்டான்: "அப்போ நம்பாதவங்க பரீட்சையில என்ன எழுதறது டீச்சர்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து நான் போன வருடம் எடுத்த வினாத்தாளைத் தேடிப் பார்த்தேன். "நாம் ஏன் வழிபட வேண்டும்?" ஐந்து மதிப்பெண். அந்தப் பேனா மூடிய பிள்ளை இதற்குப் பொய் எழுதினால்தான் ஐந்தும் கிடைக்கும். மாதத் தேர்வு அடுத்த வாரம், வினாத்தாளை இன்று இரவு உட்கார்ந்து மாற்றப் போகிறேன். எழுதியதும் இங்கே போடுகிறேன், எங்கேயாவது "நாம்" ஒளிந்திருந்தால் சொல்லுங்கள்.