பல்லவியோடு நின்றுவிடும் பாட்டு: வழி சொல்லுங்கள்

வணக்கம். மெட்டுக்கு வரி எழுதிப் பழகுகிறேன். பல்லவி சட்டென்று வந்துவிடுகிறது, சரணத்தில்தான் திணறுகிறேன். தனனா தனனா என்று தத்தகாரத்தைப் போனில் பதிந்து திரும்பத் திரும்பக் கேட்டால் சந்தத்துக்குச் சொல் கிடைக்கிறது. ஆனால் எதுகையைத் துரத்துவதில் சொல்ல வந்தது நழுவிவிடுகிறது. நேற்று வாசல், ஊசல், பூசல் என்று ஒரு பக்கம் நிரம்பியது. வீட்டை விட்டுப் போன அண்ணனைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

காதில் விழும் பேச்சைக் குறித்துவைக்க ஒரு சின்ன நோட்டு உண்டு. “விளக்கை அணைக்காதே, அவன் வந்துடுவான்” என்று அம்மா சொன்னது அதில் இருக்கிறது. அதைச் சரணமாக வளர்க்க எனக்குத் தெரியவில்லை. முதலில் உரைநடையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அப்புறம் சந்தத்துக்குள் கொண்டுவருவீர்களா? இல்லை, மெட்டையே கொஞ்ச நாள் தள்ளி வைப்பீர்களா? உங்கள் பழக்கத்தைச் சொல்லுங்கள்.