விக்டோரியா நீர்வீழ்ச்சியிலை தண்ணியே இல்லை, அவசர உதவி

ஹாரோ_மலர்:
விடிய நீர்வீழ்ச்சிக்குப் போனனாங்கள். வெறும் கருங்கல்லுத்தான் நிக்குது, ஒரு மூலையிலை நூல் மாதிரி ஒழுகுது. பிள்ளையள் அழாக்குறை. அம்மா "இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தது" எண்டு கேட்டுட்டா. ரெண்டு வருசம் சேர்த்த காசு. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு, அடுத்த நாள் சஃபாரி. என்ன செய்யிறது? கெதியா சொல்லுங்கோ.

லுசாகா_பாலா:
எந்தப் பக்கம் நிக்கிறீங்க அக்கா, ஜாம்பியாவா ஜிம்பாப்வேயா? என்ன விசா? அதைச் சொன்னாத்தான் பதில் சொல்ல முடியும்.

குமரி_பயணி:
இதெல்லாம் கரிபா அணையால வந்த வினை. ஜாம்பேசி ஆத்துத் தண்ணி முழுக்க அங்க தேக்கிடுறாங்க.

வெண்கொக்கு:
பிள்ளைகளுக்கு என்ன வயசு? சஃபாரி எங்கே, போட்ஸ்வானாவுல இருக்கிற சோபே பூங்காவா?

ஆறுமுகம்_நீர்வளம்:
குமரி தம்பி, எழுதறதுக்கு முன்னாடி மேப்பைப் பாருங்க. கரிபா அருவிக்குக் கீழே இருக்கு. கீழே தேக்கினா மேலே எப்படி வத்தும்? அங்கே மழை நவம்பர்லதான் தொடங்கும். பெய்த தண்ணி அருவிக்கு மேலே இருக்கிற பரோட்சே சமவெளியில பரந்து நின்னு மெதுவா இறங்கும். அதனால அருவிக்கு உச்சம் ஏப்ரல் வாக்கில, அடிமட்டம் அக்டோபர், நவம்பர். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒருத்தரும் இதைப் படிக்கிறதில்லை. இந்த மன்றத்துல நானே பல தடவை சொல்லியாச்சு.

லுசாகா_பாலா:
ஐயா, அவங்க நொந்துபோய்க் கேக்கிறாங்க. பாடம் அப்புறம் எடுக்கலாம்.

ஹாரோ_மலர்:
லிவிங்ஸ்டன் டவுனிலை நிக்கிறம், ஜாம்பியா பக்கம். நானும் அவரும், அம்மா (67), மகள் 11, மகன் 6. பள்ளிக்கூட ஹாஃப் டேர்ம் லீவு, வேறை திகதி கிடைக்கேல்லை. பிரிட்டிஷ் பாஸ்போட். விசா 50 டொலர் குடுத்து எடுத்தது, காசா (KAZA) எண்டு போட்டிருக்கு. சஃபாரி சோபேதான், காலமை போய்ப் பின்னேரம் திரும்பிறது.

லுசாகா_பாலா:
அப்போ கவலையை விடுங்க. காசா விசாவில ரெண்டு நாட்டுக்கும் போய்த் திரும்பலாம், சோபேக்கு ஒருநாள் பயணமும் அதுலயே அடங்கும். நாளைக்குக் காலையிலேயே பாலத்தைத் தாண்டி ஜிம்பாப்வே பக்கம் போயிடுங்க. அருவி 1,700 மீட்டர் அகலம், நீங்க பார்த்தது கிழக்கு ஓரம் மட்டும். மேற்கு ஓரத்துல பாறை விளிம்பு தாழ்வு, அதனால வர்ற கொஞ்சத் தண்ணியும் அங்கேதான் இறங்கும். அந்தப் பக்கத்து டெவில்ஸ் கேட்டராக்ட், மெயின் ஃபால்ஸ்ங்கிற ரெண்டு பகுதியும் வருஷம் முழுக்க விழும். பாலத்துல நடக்கலாம், ஆனா அக்டோபர் வெயில்ல அம்மாவை நடக்க விடாதீங்க, டாக்ஸி பிடிங்க. நுழைவுச் சீட்டு அங்கே தனி.

பயணப்பித்தன்:
இந்த மாசத்துல ஜாம்பியா பக்கத்துக்குன்னே ஒண்ணு இருக்கு. அருவி விளிம்புலயே டெவில்ஸ் பூல்ங்கிற பாறைக் குளத்துல குளியல். விட்டுடாதீங்க.

வெண்கொக்கு:
6 வயசுப் பையனை அங்கே விடமாட்டாங்க பித்தன். மலர், எனக்கு சோபேதான் யோசனை. போட்ஸ்வானா எல்லையில பிள்ளைகளோட பிறப்புச் சான்றிதழ் கேட்பாங்க. கையில இருக்கா?

குமரி_பயணி:
சரி, கரிபா என் தப்பு. ஆனா ஜாம்பியா பக்கம் 108 மெகாவாட் மின்நிலையம் இருக்கே? அதுக்கு அருவிக்கு மேலயேதானே தண்ணி எடுக்கிறாங்க?

ஆறுமுகம்_நீர்வளம்:
எடுக்கிறது உண்மை. எடுக்காட்டியும் அக்டோபர்ல அந்தப் பக்கம் மெலிஞ்சுதான் கிடக்கும்.

குமரி_பயணி:
மெலியறது வேற, வத்திப்போறது வேற. மெலிஞ்ச ஆத்துலேர்ந்து எடுத்தா மிச்சம் என்ன இருக்கும்? கரண்டும் வேணும், அருவியும் வேணும்னா ஏதாவது ஒண்ணு குறையத்தான் செய்யும்.

லுசாகா_பாலா:
2024 வறட்சியில இங்கே நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் கிடையாது. அந்த இருட்டுல பிள்ளைங்களைப் படிக்க வெச்சவன் நான். மின்நிலையத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

ஹாரோ_மலர்:
பிறப்புச் சான்றிதழ் ஃபோனிலை படமா மட்டும் இருக்கு!! காணுமோ?

வெண்கொக்கு:
காணாது. சான்றளிச்ச காகிதப் பிரதிதான் பாதுகாப்பு. சஃபாரி நடத்துறவங்களை இன்னைக்கே கூப்பிட்டுக் கேளுங்க. எல்லையில நின்னு திரும்பறது கொடுமை. மகனுக்கு ஜீப்பை விடப் படகு நல்லது, சின்னப் பிள்ளைகளைத் திறந்த ஜீப்ல ஏத்தாதவங்களும் உண்டு. உங்களுக்குத் தப்பான மாசம் யானைக்குச் சரியான மாசம். உள்காட்டுல குட்டைகள் காய்ஞ்சதும் கூட்டம் கூட்டமா ஆத்தங்கரைக்கு வந்துடும். மலேரியா மாத்திரை, மலரோன் (Malarone) வகைன்னா, ஊர் திரும்பி 7 நாள் வரைக்கும் நிறுத்தாதீங்க.

ஹாரோ_மலர்:
அங்காலை போயிட்டு வந்திட்டம். தண்ணி விழுகிற சத்தம் தூரத்திலையே கேட்டுது. தூவானத்திலை அம்மா சேலையோடை நனைஞ்சு நிண்டவா, குடை வேண்டாம் எண்டிட்டா. அவரின்ரை தம்பி ஹாரோ வீட்டிலை இருந்து சான்றிதழை எடுத்துக்கொண்டு சொலிசிட்டரிட்டைப் போறார். பாலா தம்பி, வெண்கொக்கு, கோடி நன்றி.

வெண்கொக்கு:
மலர், ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பினா ஏத்துக்குவாங்களான்னு சஃபாரிக்காரங்ககிட்ட உறுதி பண்ணிட்டீங்களா?

வெண்கொக்கு:
மலர்? எல்லை தாண்டினீங்களா?