பழைய டியூப், டின், சர்க்யூட் போர்டில் கம்மலும் கைப்பட்டையும்: காது அரிக்கிறது, பசை விட்டுப்போகிறது

தையல்மிச்சம்:
ஆறு மாதமாக, தூக்கிப்போடும் பொருள்களை வைத்துக் கம்மல், கைப்பட்டை, பெல்ட் என்று செய்து பழகுகிறேன். சைக்கிள் டியூப், குளிர்பான டின், கெட்டுப்போன கம்ப்யூட்டரில் கழற்றிய சர்க்யூட் போர்டு, இவைதான் அதிகம் கிடைக்கின்றன. பார்க்க நன்றாகவே வருகின்றன, ஆனால் போட்டுக்கொண்டால் நாலு நாள் தாங்குவதில்லை. டியூபை இரண்டு மடிப்பாக ஒட்டிய கைப்பட்டை வளையும் இடத்தில் பிரிந்துவிடுகிறது (நொடியில் ஒட்டும் சூப்பர் பசைதான் போட்டேன்), மெஷினில் தைத்தால் ரப்பர் நகராமல் ஒரே இடத்தில் ஊசி குத்திக் குத்திக் கிழித்துவிடுகிறது. இதையெல்லாம்விட மனசுக்குக் கஷ்டமாக இருப்பது, அண்ணிக்கு ஆசையாகச் செய்து கொடுத்த டின் கம்மல். இரண்டாம் நாளே காது சிவந்து அரிக்க ஆரம்பித்துவிட்டது. டின்னில் ஏதாவது இருக்குமா? அடுத்ததாகப் போர்டை அறுத்து டாலர் செய்யலாம் என்று இருக்கிறேன், அதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

குறடும் கம்பியும்:
டின்னைச் சந்தேகப்படும் முன் கொக்கியைப் பாருங்கள். இப்போது வரும் குளிர்பான டின் பெரும்பாலும் அலுமினியம், அதுவும் காதுக்கு வெளியேதான் தொங்குகிறது. துளைக்குள் போவது கொக்கி. முலாம் பூசிய கொக்கிகள் பலவற்றில் அடியில் நிக்கல் இருக்கும், முலாம் தேய்ந்ததும் அது தோலில் படும். நிக்கல் ஒவ்வாமை ஒருவருக்கு வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும், அதனால் அண்ணி அந்தக் கம்மலை இனி போடவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் துளைக்குள் போடும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்றும், தோலில் படும் மற்ற நகைகளுக்கு 0.5 என்றும் விதி வைத்திருக்கிறார்கள். துளைக்குள் போகும் கம்பிக்கு இவ்வளவு கடுமை என்றால் அதில் விஷயம் இருக்கிறது. டைட்டானியம் அல்லது நியோபியம் கொக்கி வாங்குங்கள். கம்மலில் மற்ற எல்லாம் பழசாக இருக்கலாம், கொக்கி மட்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

டின் தகடு கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர்தான், வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி. ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே மடித்துக் குறடால் அழுத்துங்கள். மடிக்க முடியாத வடிவம் என்றால் இரண்டு தகட்டை முதுகோடு முதுகு ஒட்டி, நுண்ணிய உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்துவிடுங்கள். அப்புறம், கொக்கியையும் தகட்டையும் இணைக்கும் வளையத்தைத் திறக்கும்போது இரு முனையையும் விலக்கி இழுக்காதீர்கள், ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் திருப்புங்கள், வட்டம் கெடாது.

கருப்பு ரப்பர்:
டியூப் என்றால் எனக்கு உயிர், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சூப்பர் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், வளைகிற பொருளில் அது உடையாமல் என்ன செய்யும்? பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போதும். ஆனால் அதற்கு முன்னால் டியூபை நீளவாக்கில் வெட்டி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடர் போகும்வரை பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு மூன்று தடவை கழுவிக் காயவைக்க வேண்டும். அந்தப் பவுடர் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கென்றே போட்டது, அது இருக்கும்வரை எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டும் இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பிறகு அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்ப்பதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு.

தையலுக்கு 100 அல்லது 110 எண் ஊசி, பாலியெஸ்டர் நூல், தையல் நீளம் 3.5 முதல் 4 மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் போல ஓட்டை வரிசையாகி அங்கேயே கிழியும். ரப்பர் நகராததற்குக் காரணம் மெஷின் பாதம் அதில் ஒட்டிக்கொள்வதுதான். ஒட்டாத டெஃப்லான் பாதம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மேலும் கீழும் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். குண்டூசி குத்தவே கூடாது, ரப்பரில் விழுந்த ஓட்டை மூடாது, கிளிப் போடுங்கள்.

இன்னொன்று முக்கியம். டியூப்களில் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரும் உண்டு, இயற்கை ரப்பரும் உண்டு. லேடெக்ஸ் (ரப்பர் பால்) ஒத்துக்கொள்ளாதவருக்கு இரண்டாவது ஆகாது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்களே சிலருக்குத் தடிப்பு உண்டாக்கும், எனவே கைப்பட்டையின் உள்பக்கம் பருத்தித் துணி வைத்துத் தைத்துவிடுங்கள். கறுப்பும் சட்டையில் ஒட்டாது.

நூல்கண்டு:
போர்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது கண்ணாடி இழையும் எபாக்சி என்னும் ரெசினும் சேர்ந்த பலகை, அறுத்தால் பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரில் நனைத்தபடியே அறுங்கள், தேயுங்கள், தூசிக்கான முகமூடியும் வேண்டும். பழைய போர்டில் பற்றவைத்த இடமெல்லாம் சுமார் 37 சதவீதம் ஈயம் இருக்கலாம். ஐரோப்பாவில் 2006 ஜூலையில்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். ஆகவே பற்றவைப்பே இல்லாத வெற்றுப் பகுதியாகப் பார்த்து எடுத்து, சுற்றிலும் தெளிவான ரெசின் பூசுங்கள். குழந்தைகள் வாயில் வைக்கும் உயரத்தில் தொங்குகிற எதற்கும் போர்டு வேண்டவே வேண்டாம்.

தையல்மிச்சம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணியிடம் இப்போதே சொல்லிவிட்டேன், கம்மலைக் கழற்றிவிட்டார். இன்னும் ஒன்று கேட்கலாமா? ஒரு பெட்டி நிறையப் பழைய அலாரம் கடிகாரங்கள் கிடைத்தன. எண்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்திருக்கும் போல, இப்போது ஒளிரவில்லை, பழுப்பாகிவிட்டது. அதைச் சுரண்டிவிட்டு முகப்புத் தகட்டை டாலராக்கலாமா?

குறடும் கம்பியும்:
சுரண்டாதீர்கள், தயவுசெய்து. 1960கள் வரைகூட அப்படிப்பட்ட பூச்சில் ரேடியம் என்னும் கதிரியக்கப் பொருளைக் கலந்தார்கள். ஒளி நின்றுபோனது அதனுடன் இருந்த துத்தநாக சல்ஃபைடு தேய்ந்துபோனதால்தான், ரேடியம் அப்படியே இருக்கும், அது பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் ஆகும். அந்தத் தூள் மூச்சில் போவதுதான் பெரிய ஆபத்து. கண்ணாடியைத் திறக்காமல் ஒவ்வொரு கடிகாரத்தையும் மூடும் பையில் போட்டு, ஆபத்தான கழிவுகளை வாங்கும் இடத்தில் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது ஒன்றைத் திறந்துவிட்டீர்களா?

தையல்மிச்சம்:
இல்லை, ஒன்றையும் திறக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பெட்டியை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டேன்.