பழைய அகாய் 4000டிஎஸ்: வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

கேள்வி: அகாய் 4000டிஎஸ் ரீல் டேப் ரெக்கார்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓடுகிறது என்கிறார்கள். நேரில் எதைச் சோதிக்கணும்?

பதில் 1: முதலில் கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கும் சுழல்தண்டு) ஸ்லீவ் இருக்கிறதா பாருங்க. இந்த மாடலில் நொடிக்கு 7½ அங்குல வேகம் வேண்டுமானால் அந்தச் சின்ன உலோக உறையைக் கேப்ஸ்டனில் மாட்டணும். இல்லாவிட்டால் 3¾ மட்டும்தான். பெரும்பாலும் தொலைந்திருப்பது அதுதான். ஹெட்டை (டேப் உரசிச் செல்லும் காந்த முனை) ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்க. டேப் உரசும் இடத்தின் ஓரத்தில் நகத்தால் தடவும்போது படிபோலத் தட்டுப்பட்டால் அதிகத் தேய்மானம்; ட்ரெபிள் (உச்ச ஒலி) மங்கும்.

பதில் 2: பதிவு செய்து பார்க்காமல் பணம் கொடுக்காதீங்க. அழிக்க, பதிய, ஒலிக்க என மூன்று ஹெட் உள்ளதால், பதிவாகும்போதே மானிட்டர் சுவிட்சை டேப் பக்கம் மாற்றி இரண்டு சேனலையும் கேட்கலாம். கரகரத்தால் சுவிட்சை இருபது தடவை அசைத்துப் பாருங்க. குறைந்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். போனால் போகட்டும் என்கிற டேப்பையே கொண்டுபோங்க. பிஞ்ச் ரோலர் (டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளை) பிசுபிசுத்திருந்தால் டேப்பைச் சுற்றி இழுத்துக்கொள்ளும்.

பதில் 1: இன்னொன்று, 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அமைத்த மெஷின் இங்கே 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், சுருதி இறங்கும். பிளக் செருகும் முன் வோல்டேஜ் செலக்டரையும் பாருங்க.